கோடு வரைக்கும் ரத்தம்

மகனே,

வியாழக்கிழமை நீ வேலைக்காக ரயிலேறுகிறாய். அதற்கு முன்னால் வாசித்துவிட வேண்டும் என்பதற்காக இதை உன் பெட்டியில் சட்டைகளுக்கு மேலே வைத்திருக்கிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். நாலு வருடமாக நேரில் சொல்லத்தான் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் உன் முகத்தைப் பார்த்ததும் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். இப்போது எழுத உட்கார்ந்திருப்பதும் எனக்குத் திடீரென்று தைரியம் வந்ததால் இல்லை. ஒருத்தி எழுதிக் கொடு என்று சொல்லியிருக்கிறாள். அவள் யார் என்று உனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை மத்தியானம் நீ வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தாய். "எம்மா, இன்னைக்கு ஒரு நல்ல காரியம் பண்ணிட்டு வந்திருக்கேன்" என்றாய். உன் சிநேகிதனுக்குக் காலில் கட்டு மாற்ற வாசுதேவநல்லூரில் ஒரு கிளினிக்குக்குப் போனதையும், அங்கே எஸ்தர் ஊசி போட்டுக்கொண்டிருந்ததையும் சொன்னாய். நாலு வருடத்துக்கு முன்னால் உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் நின்ற அதே எஸ்தர். உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோருக்கும் கேட்கும்படி டாக்டரிடம் சொன்னதாகச் சொன்னாய். "இவ எங்கப்பாவக் கொன்னவ சார், மருந்து போற மெசின அமத்திப் போட்டுக் கொன்னவ, இவள வச்சா ஊசி போடுதியன்னு கேட்டேன்மா. அவ ஒரு வார்த்தை பேசல. தலையக் குனிஞ்சிட்டு நின்னா. இனி அங்கன இருக்க மாட்டா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் உனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்து ரசம் ஊற்றினேன். அப்பளம் போதுமா என்று கேட்டேன். அப்படித்தான் நான் பதில் சொன்னேன்.

உன் அப்பாவைக் கொன்றது எஸ்தர் இல்லை. நான். கொன்றது என்ற சொல் பெரிதாகத் தெரிந்தால் முழுக்க வாசித்த பிறகு நீயே அதைக் குறைத்துக்கொள். முன்னாலேயே குறைக்காதே.

அந்த வருடம் சாரல் தொடங்கும்போதே அவருக்கு நெஞ்சு வலிக்க ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் நம் சிப்ஸ் கடை, முன்னால் கூடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும், காலையிலிருந்து ஈரத் துணியோடு வந்து நிற்கிற கூட்டம். முதலில் நேந்திரங்காய்த் தார் தூக்கும்போது மட்டும் வலித்தது; உட்கார்ந்தால் போய்விடும். வாய்வு என்று சொல்லிப் பன்னீர் சோடா குடித்தார். ஒரு மாதத்தில் வலி ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தது. ஒருநாள் கையில் சிப்ஸ் பொட்டலத்தோடு அப்படியே சாய்ந்துவிட்டார். நடந்தால் வருகிற வலி வேறு, உட்கார்ந்திருக்கும்போது வருகிற வலி வேறு. இரண்டாவதுக்கு டாக்டர்கள் நிலையில்லாத நெஞ்சுவலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதயத்துக்குப் போகிற குழாயின் உள்சுவரில் படிந்திருந்த கொழுப்பு வெடித்து, வெடித்த இடத்தில் ரத்தம் உறையப் பார்க்கிறது என்று அர்த்தம். முழுக்க உறைந்தால் அடைப்பு. தென்காசியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். பெண்டாட்டி அங்கே லேப்பில் இருக்கிறாள், நன்றாகக் கவனிப்பார்கள் என்று உன் பெரியப்பாதான் சொன்னார்.

ரத்தம் உறைவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. உறைதல் காரணிகள் என்று பெயர். ஒன்றை ஒன்று எழுப்பிவிடும், கடைசியில் ரத்தம் நூல் நூலாகிக் கட்டியாகும். ஒன்று முதல் பதின்மூன்று வரை எண் போட்டிருப்பார்கள், அதில் ஆறு கிடையாது. ஆறு ஏன் இல்லை என்று வகுப்பில் கேட்க வேண்டும் என்று ஒரு வருடம் முழுக்க நினைத்தேன். கேட்கவில்லை. பீடி சுற்றிப் படிக்க வைத்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எழுந்து நின்றால் என் செருப்பைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். விடைத்தாளில் எல்லாவற்றையும் சரியாக எழுதுவேன், வாயால் எதையும் கேட்க மாட்டேன். அந்த வரிசையில் நாலாவது காரணி சுண்ணாம்புச் சத்து. அது இல்லாவிட்டால் ரத்தம் உறையாது. உறைகிற நேரத்தைப் பார்ப்பதற்கு நாங்கள் பிடிக்கிற நீல மூடி டியூபில் ஒரு மருந்துத் தண்ணீர் இருக்கும், அது சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும், அதனால் லேப்புக்கு வரும்வரை ரத்தம் உறையாமல் இருக்கும். மெஷினில் வைத்த பிறகு அளவாகச் சுண்ணாம்பைத் திருப்பிக் கொடுத்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று எண்ணுவோம். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து. டியூபின் பக்கத்தில் ஒரு கோடு இருக்கும். கோடு வரைக்கும் ரத்தம் இருந்தால்தான் அந்த விநாடிக்கு மதிப்பு. ரத்தம் குறைந்தால் மருந்து மிஞ்சும், மிஞ்சியது மெஷின் கொடுக்கிற சுண்ணாம்பையும் தின்றுவிடும், உறைய வேண்டிய ரத்தம் உறையாத ரத்தம் மாதிரி தெரியும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்குக் கீழே பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுப்பதே இதுதான்.

உன் அப்பாவுக்கு ஹெபாரின் ஏற்றினார்கள். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிற மருந்து. ஒரு சின்ன மெஷின் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். மருந்து குறைந்தால் அடைப்பு, கூடினால் எங்காவது ரத்தக் கசிவு. அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, உறைகிற நேரத்தைப் பார்த்து, அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். முதல் நாள் நானே மேலே போய் எடுத்தேன். அவர் நரம்பு எனக்கு ஒரே குத்தில் கிடைக்கவில்லை. வார்டில் இருந்த எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார். "பதினஞ்சு வருசமா ஊரையே குத்துதா. புருசனுக்கு நரம்பு எங்கன இருக்குன்னு தெரியல. இவளுக்கு ஒரு பட்டம் வேற." பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்தார், நர்ஸ் ஒருத்தியும் சிரித்தாள். உன் அப்பாவும் சிரித்தார், சிரிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதோடு நான் ரத்தம் எடுக்க மேலே போவதை நிறுத்திவிட்டேன். அன்றைக்கு ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஒரே ஒரு தடவை கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். ரத்தம் எடுக்கிற வேலை எஸ்தருக்குப் போனது.

அவரைப் பற்றி உன்னிடம் கெட்டது சொல்ல இதை எழுதவில்லை. சீசனில் வெடித்துப்போன மங்குஸ்தான்களை விற்க முடியாது என்று எடுத்து வந்து, ஓடு நீக்கி, கிண்ணத்தில் போட்டு என் முன்னால் வைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த ஆளும் அவர்தான்.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணி. லேப்பில் நான் மட்டும். மேலேயிருந்து எஸ்தர் போன் செய்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நாலு வருடமாக அது என் காதில் இருக்கிறது. "அக்கா, அண்ணாச்சிக்கு ஒரு கையில மருந்து போகுது. மத்த கையில ரெண்டு எடத்துல குத்திட்டேன், ரெண்டு டியூப்லயும் பாதிப் பாதிதான் வந்திருக்கு. திட்டுதாவ. இருந்தாலும் இன்னொரு தடவ எடுத்துருதேன், எடுக்கட்டா?" நான் சொன்னேன்: "வேண்டாம் எஸ்தர். ரெண்டையும் அனுப்பு. நான் பாத்துக்கிடுதேன்."

இரண்டு டியூபும் வந்தன. இரண்டிலும் கோட்டுக்குப் பாதியில் ரத்தம். நான் ஒன்றின் மூடியைத் திறந்து இன்னொன்றில் ஊற்றினேன். ரத்தம் சரியாகக் கோட்டைத் தொட்டது. பார்ப்பதற்கு அதைப்போல ஒழுங்கான டியூப் அன்றைக்கு லேப்பில் வேறு இல்லை. அதில் இரண்டு டியூபின் மருந்தும் சேர்ந்திருந்தது, ஒரு டியூபுக்கான ரத்தம்தான் இருந்தது. சின்ன லேப்களில் இதைச் செய்வார்கள். பலபேர் தெரியாமல் செய்கிறார்கள். நான் தெரிந்து செய்தேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று கேட்பாய். கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைத்தேன். இன்னொரு குத்து குத்தினால் அவர் மறுபடி சத்தம் போடுவார், லேப்காரி திரும்பக் கேட்கிறாள் என்று எஸ்தர் சொல்லுவாள், அந்த வார்டு மறுபடி சிரிக்கும் என்று நினைத்தேன். இத்தனைக்கும் கீழ்த்தளத்தில் இருந்த எனக்கு அந்தச் சிரிப்பு கேட்டிருக்கவே கேட்டிருக்காது.

அறுபது எழுபது விநாடி வர வேண்டிய இடத்தில் நூற்று நாற்பதைத் தாண்டி வந்தது. மறுபடி ஓட்டினேன், அதே டியூபை. அதே எண் வந்தது. இரண்டு தடவை பார்த்தாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெஷின் பொய் சொல்லாது என்பார்கள். அது பொய் சொல்லவில்லை. நான் ஊற்றியதை அது எண்ணிச் சொன்னது. ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ரத்தம் குறைவாக வந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் டாக்டர் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லியிருப்பார். அந்தக் காகிதத்தின் அடியில் அதற்கென்றே இடம் விட்டிருப்பார்கள். காலியாக விட்டேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் மருந்து கூடிப்போய்விட்டது என்றுதான் நினைப்பார், யாராக இருந்தாலும். ஹெபாரினை நிறுத்து, நாலு மணிக்கு மறுபடி ரத்தம் பார் என்று சொன்னார். எஸ்தர் மெஷினை நிறுத்தினாள். அந்த நேரம் நீ கல்லூரியிலிருந்து நேராக வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாய். அவள் விரல் அந்தப் பொத்தானை அமுக்கியதை உன் கண்ணால் பார்த்தாய். மூன்றரைக்கு உன் அப்பா நெஞ்சைப் பிடித்தார். நாலு மணிக்கு எடுக்க வேண்டிய ரத்தத்தை யாரும் எடுக்கவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்வதென்றால் இதையும் சொல்ல வேண்டும். மருந்து ஓடிக்கொண்டே இருந்திருந்தாலும் அவர் போயிருக்கலாம். அந்த மாதிரி நெஞ்சுவலியில் எல்லாம் சரியாகச் செய்தும் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இருக்கலாம் என்கிற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நாலு வருடம் சாப்பிட்டேன், தூங்கினேன், லேப்புக்குப் போனேன். அந்தச் சொல்லை எஸ்தருக்கு நான் கொடுக்கவில்லை. அவளுக்கு ஒரே சொல்தான் கிடைத்தது, நீ கொடுத்தது.

வராந்தாவில் நடந்தது உனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறதோ, நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீ அவள் தலைமுடியைப் பிடித்தாய். "நீதானட்டி மெசின அமத்துன" என்று கேட்டுக் கன்னத்தில் அறைந்தாய். அவள் தொப்பி கீழே விழுந்தது. பெரியப்பா உன்னைத் தடுக்கவில்லை, அவர் டாக்டர் அறைக் கதவை உதைத்துக்கொண்டிருந்தார். நான் மூன்றடி தள்ளி, ரிப்போர்ட் எழுதுகிற நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். அடி வாங்கிய பிறகு அவள் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி என்னையே பார்த்தாள். காத்திருந்தாள். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதேன். புருஷன் செத்தவள் அழுதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அழுகைக்கு இப்படி ஒரு வசதி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கூட்டத்தை அனுப்ப ஆஸ்பத்திரிக்கு யாராவது ஒருத்தரை வெளியே தள்ள வேண்டியிருந்தது. தற்காலிக நர்ஸைத் தள்ளுவது சுலபம். மறுநாள் அவள் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது எல்லோரும் எனக்கு நாற்காலி போட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். குப்பைக்குப் போக வேண்டிய காலி டியூப் அவர் பெயர் ஒட்டியபடியே என் மேஜை டிராயரில் கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டு டீயைக் குடித்தேன்.

உனக்கு அடிக்கக் கை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். உனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட விடுமுறையில் இலஞ்சியிலிருந்து உன்னையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருந்தேன். கடைக்குப் பின்னால் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் புதுத் தேங்காயெண்ணெய் டின் ஒன்று திறந்திருந்தது. என் புடவை மாட்டி டின் சாய்ந்தது. முழு எண்ணெயும் தரையில் ஓடி, சாக்கடைக்குள் போனது. உன் அப்பா வந்து பார்த்ததும் பக்கத்தில் நின்ற உன்னை இழுத்து அடித்தார். "நான் இல்லப்பா, நான் இல்லப்பா" என்று நீ கத்தினாய். பொய் வேறு சொல்லுதியா என்று அதற்கும் ஒன்று விழுந்தது. நான் சாக்கைப் போட்டு எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யார் கொட்டியது என்று நீ பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சொல்லியிருப்பாய். அன்றைக்குச் சாயங்காலம் உனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தேன், நீ சிரித்துக்கொண்டே சாப்பிட்டாய். இப்போது உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்காது. செய்யாததற்கு அடி வாங்குவது எப்படி இருக்கும் என்று வேறு யாரையும் விட உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான்தான் அதை அல்வாவால் மூடிவிட்டேன். இல்லையென்றால் அந்த வராந்தாவில் உன் கை கொஞ்சம் யோசித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குத் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறினேன். கடையநல்லூர், புளியங்குடி எல்லாம் தாண்டும்வரை முதல் வாக்கியத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலில் அவள் அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எஸ்தர் ஜெபத்துக்குப் போய்விட்டு வந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். என்னைப் பார்த்ததும் அவள் அதிரவில்லை. உள்ளே வாங்க என்று சொல்லவும் இல்லை. கிளினிக்கில் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு டியூபையும் ஒன்றாக ஊற்றியதுவரை. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. பீடி சுற்றுகிற கை நின்றது. எஸ்தர் மட்டும் அப்படியே இருந்தாள்.

"தெரியும்க்கா" என்றாள்.

அன்றைக்கே தெரியுமாம். இரண்டு அரை டியூப் கீழே போய் ஒரு முழு ரிப்போர்ட்டாக மேலே வந்தால், நர்சிங் படித்தவளுக்குத் தெரியாதா? அவள் மேட்ரனிடம் சொல்லியிருக்கிறாள். புருஷனைப் பறிகொடுத்தவள் மேல் பழி போடுகிறாயா என்று மேட்ரன் கேட்டிருக்கிறார். அதற்கு மேல் அவள் பேசவில்லை. நீங்களே சொல்வீர்கள் என்று இருந்தேன் என்றாள். முதல் வருடம் தினமும் எதிர்பார்த்தாளாம். அவளுக்குப் பார்த்திருந்த ஒரு சம்பந்தம், ஆளைக் கொன்ற நர்ஸ் என்று யாரோ சொல்லி நின்றுபோனது. பிறகு எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள். நான் அழவில்லை, அழக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். ஆனால் என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்துவிட்டது. "எனக்குச் சின்ன வயசுலருந்தே கூச்சம் எஸ்தர். யார்ட்டயும் நின்னு ஒரு வார்த்தை பேச வராது. அவிய வார்டுல வச்சு அப்படிச் சொன்னதுக்கப்புறம்..."

அவள் என்னை முடிக்க விடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "யார்ட்ட கூச்சம் உங்களுக்கு? அண்ணாச்சிட்ட நீங்க பேசாண்டாம். டாக்டர்ட்ட பேசாண்டாம். போன்ல நான்லா இருந்தேன். திரும்ப எடுக்கட்டான்னு நான்தான கேட்டேன். எடுன்னு ஒரு சொல்லு. என்ட்ட என்ன கூச்சம்?"

என் சாதுத்தனத்தைப் பற்றி ஊரே நல்லபடியாகப் பேசும். உன் அம்மா வாய் திறக்காத பொம்பளை என்று உன் பெரியம்மா பெருமையாகச் சொல்லுவாள். வாயைத் திறக்காமலேயே எவ்வளவு செய்யலாம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குக் கீழே இருக்கிற ஒருத்தி கேட்டாள், நான் நிதானமாக, சங்கடமே இல்லாமல் வேண்டாம் என்றேன். அதை இனி கூச்சம் என்று சொல்ல முடியாது. உனக்குக் கல்யாணம் ஆகும், உனக்குக் கீழே நாலு பேர் வேலை பார்ப்பார்கள். அப்போது, யாருக்கு முன்னால் உனக்குப் பேச்சு வரவில்லை என்பதோடு, யாரிடம் உனக்குப் பேச்சு தாராளமாக வந்தது என்பதையும் சேர்த்துப் பார்.

என்ன செய்யட்டும் என்று அவளிடம் கேட்டேன். பேசாண்டாம், எழுதிக் குடுங்க என்றாள். நடந்தது அத்தனையும், கையெழுத்துப் போட்டு. அதனால் நடந்ததை மூன்று தடவை எழுதியிருக்கிறேன். ஒன்று நேற்று அவள் கையில் கொடுத்தேன், அது அவளுடையது, யாருக்கு வேண்டுமானாலும் காட்டட்டும். இன்னொன்றை இன்று காலை என் ஆஸ்பத்திரியில் மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு, லேப் சாவியையும் அதன் மேல் வைத்துவிட்டு வந்தேன். அவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது, போலீஸில் சொன்னாலும் சொல்லட்டும். மூன்றாவது, இது, உனக்கு. எல்லோருக்கும் கடைசியாக உனக்குக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் கொடுத்திருந்தால் வெளியே சொல்ல வேண்டாம்மா என்று நீ சொல்லியிருப்பாய். நீ சொல்லியிருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ரயில் சாயங்காலம்தான். காலையில் வாசுதேவநல்லூர் போ. அந்தக் கிளினிக்கில் டாக்டரிடம், நோயாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே, சனிக்கிழமை எந்தக் குரலில் சொன்னாயோ அதே குரலில், நீ சொன்னது தவறு என்று சொல். எஸ்தர் வீட்டுப் பக்கம் போகாதே. காலில் விழுவது, அழுவது ஒன்றும் வேண்டாம், உன்னைப் பார்க்க அவளுக்கு விருப்பம் இல்லை. நான் கேட்டேன், மூஞ்சியிலேயே விழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நீ போகாவிட்டால் நான் போவேன். நான் போனால் நீ எதற்காக வரவில்லை என்றும் அந்த டாக்டர் கேட்பார், அதற்கும் பதில் சொல்வேன்.

நேற்று அவளிடம் கடிதத்தைக் கொடுத்தபோது நின்றுகொண்டே கடைசிப் பக்கம்வரை வாசித்தாள். மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். இதை வாசித்துவிட்டு என் மகன் என்ன செய்வானோ என்று பயமாக இருக்கிறது என்றேன். எதற்காக அதை அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆறுதல் கேட்டேன் போலிருக்கிறது, அவளிடமே. அவள் வாசலுக்கு வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"உங்கள அவன் அடிக்க மாட்டான்க்கா. எம்மா, நீயும்தான் என்ன செய்வ, பாவம்னு ஒங்க மடியில படுத்து அழுவான். எனக்கு அதுதான் வயித்தெரிச்சல்."

நீ அப்படித்தான் செய்வாய் என்று எனக்கும் தெரியும், உன்னை வளர்த்தவள் நான். இதை மடித்து வைத்துவிட்டு அடுக்களைக்கு வருவாய், நான் அங்கேதான் இருப்பேன். வந்து என்னைக் கட்டிக்கொள்ளாதே. அவள் விஷயத்தில் உனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. என் விஷயத்தில் அவசரப்படாதே. போய் அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு ரயிலேறு. அங்கே போன பிறகு எனக்குப் போன் செய்ய உனக்குத் தோன்றாத நாட்கள் வந்தால், அந்த நாட்களில் போன் செய்யாதே.

அம்மா